வாடகைக்கு வரும் வேக் மெசின்: கொங்குப் பக்கத்து வீடுகளில் எந்த அளவுக்குப் பலன்?

ஆறாத சர்க்கரைப் புண், விபத்தில் சதை பிய்ந்த கால், ஆபரேஷன் தையல் பிரிந்து சலம் (சீழ்) வைத்த வயிறு. இவற்றுக்கு ஆஸ்பத்திரியில் சில நாள் ‘வேக்’ (புண்ணைக் காற்றுப் புகாமல் மூடி, நீரை உறிஞ்சி எடுக்கும் மெசின்) போட்டுவிட்டு, மீதியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவது கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் நடக்கிறது. மெசின் நாள் வாடகைக்கு வீடு தேடி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நர்ஸ் வந்து கட்டை மாற்றுவார். இந்த விமர்சனம் அந்த வாடகைச் சேவையைப் பற்றியது. ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளவில்லை. கிடைக்கும் மெசின் வகைகள், கூடவே வரும் சாமான்கள், வந்து கட்டும் ஆளின் வேலை மூன்றையும் சேர்த்துத்தான் மார்க்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல மெசினுக்கு ஐந்துக்கு நாலரை. கட்டும் கைக்கு, ஆளைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து வரை. வாடகை விசாரிப்பவர்கள் மெசின் எந்தக் கம்பெனி, நாளுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யார் வந்து கட்டுவார், அவர் எங்கே பழகினவர், ராத்திரி அலாரம் அடித்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்று கேட்பவர்கள் குறைவு. பணம் வீணாவதும் புண் கெடுவதும் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விகளில்தான்.

மெசின் செய்வதும் செய்யாததும்

புண்ணின் குழிக்குள் துளைகள் நிறைந்த ஃபோமை வைத்து, அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் புகாமல் போர்த்தி, தாளில் துளை போட்டு ட்யூபைப் பொருத்துகிறார்கள். மெசின் உறிஞ்சத் தொடங்கினதும் உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 125 மி.மீ. பாதரச அளவு குறைகிறது. புண்ணின் நீர் கேனிஸ்டர் என்ற டப்பாவுக்குப் போகிறது, சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது, புண்ணின் ஓரங்கள் உள்நோக்கி இழுபடுகின்றன, ஃபோம் தொடும் இடத்தில் சதைச் செல்கள் நுண்ணிய அளவில் இழுபட்டுப் பெருகத் தூண்டப்படுகின்றன.

125 என்ற எண் அமெரிக்காவின் வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மோரிக்வாஸ், லூயி அர்ஜென்டா இருவரும் பன்றிகளில் செய்து 1997-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அந்த அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நான்கு மடங்கு வரை கூடியது. விடாமல் உறிஞ்சியபோது புதுச்சதை 63 சதவீதம் கூடுதலாகவும், விட்டு விட்டு உறிஞ்சியபோது 103 சதவீதம் கூடுதலாகவும் வளர்ந்தது. அப்படியானால் விட்டு விட்டு உறிஞ்சுவதுதானே மேல் என்று தோன்றும். நிஜத்தில் ஒவ்வொரு முறை இழுபடும்போதும் ஆளுக்கு வலி. தாளின் ஓரமும் கிளம்பிவிடும். அதனால் தொடர் உறிஞ்சல்தான் நடைமுறை. ‘இன்டர்மிட்டன்ட் மோட் இருக்குதுங்க’ என்று விற்பவர் சொன்னால் அதற்காக ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

விற்பவர்கள் சொல்லும் இன்னொரு வசனம், ‘கிருமியையெல்லாம் மெசினே உறிஞ்சிடுமுங்க’. அதே பன்றி ஆய்வில் கிருமி எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் நெதர்லாந்தில் மனிதர்களிடம் செய்து 2004-ல் வெளியான ஆய்வில் மொத்தக் கிருமி குறையவில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற சலக் கிருமி கூடவும் செய்தது. தொற்றை அடக்குவது சர்ஜனின் கத்தி, வடிகால், கல்ச்சர் (எந்தக் கிருமி என்ற சோதனை) பார்த்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய நான்கும்தான். செத்த சதையும் கருத்த தோலும் இருக்கும்போதே ஃபோம் வைத்து ஒட்டினால், சலத்தை உள்ளே வைத்து மூடிப் போட்டதுதான் மிச்சம். சுத்தமாக வெட்டி எடுத்த புண்ணில், வெட்டியதால் கிடைத்த பலனைக் காப்பாற்றித் தருவது மெசினின் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது.

பலனைச் சொல்லும் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. கால் விரல்களையோ பாதத்தின் ஒரு பகுதியையோ எடுத்த 162 சர்க்கரை நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், 16 வாரத்தில் புண் மூடியவர்கள் மெசின் பக்கம் 56 சதவீதம், சாதாரணக் கட்டுப் பக்கம் 39 சதவீதம். ஜெர்மனியில் அன்றாட மருத்துவச் சூழலிலேயே நடத்தி 2020-ல் வெளியிட்ட சர்க்கரைக் கால் ஆய்வில் மெசினுக்கு மேலான பலன் தெரியவில்லை. அங்கே சொன்ன முறைப்படி சிகிச்சை நடக்காத இடங்கள் நிறைய. வாடகைக்கு எடுப்பவர் படிக்க வேண்டியது இந்த இரண்டாவது ஆய்வைத்தான். நம் வீடு அந்தச் சூழலுக்குத்தான் பக்கம். எலும்பு முறிந்து வெளியே தெரியும் காயங்களில் இங்கிலாந்தில் 460 பேரிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்விலும், ஓராண்டு கழித்து உடல் இயக்கக் குறைபாட்டிலோ, முதல் 30 நாளில் ஆழ்ந்த தொற்றிலோ வித்தியாசம் இல்லை.

யார் எடுக்கக் கூடாது

புண்ணில் புற்றுநோய், மருந்து தொடங்காத எலும்புத் தொற்று, எங்கே போய் முடிகிறது என்று பார்க்காத துளை, கருத்துக் காய்ந்த செத்த தோல், கண்ணுக்குத் தெரியும் ரத்தக்குழாயோ நரம்போ குடலோ இருந்தால் ஃபோமை நேரே வைக்கக் கூடாது. சர்க்கரைக் காலில் இன்னும் இரண்டு சோதனை. மழுங்கின கம்பியை விட்டுப் பார்க்கும்போது எலும்பு தட்டினால் எலும்புத் தொற்று இருக்கிறதா என்று எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. காலுக்கு ரத்தம் வருகிறதா என்று டாப்ளர் ஸ்கேன். பழைய சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பேறிக் கெட்டியாக இருப்பதால் கணுக்கால் அழுத்தம் பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும். விரல் அழுத்தம் பார்ப்பது நம்பகம். ரத்தமே வராத காலில் எத்தனை நாள் உறிஞ்சினாலும் சதை வராது. இந்த ரிப்போர்ட்டுகளைக் கேட்காமல் ‘நாளைக்கே மெசின் கொண்டு வந்துடறோமுங்க’ என்னும் சேவைக்கு எங்கள் மார்க் பூஜ்ஜியம்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-லும் 2011-லும் விட்ட எச்சரிக்கைகளில், 2007 முதல் இந்தச் சிகிச்சையோடு தொடர்புள்ள 12 சாவுகளும் 174 பாதிப்புகளும் பதிவாகியிருந்தன. மிகக் கடுமையான சிக்கல் ரத்தப்போக்கு. 2009-ல் சொல்லப்பட்ட சாவுகளில் பெரும்பாலானவை வீட்டிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ நடந்தவை. ட்யூபில் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஓடுவதைப் பார்த்தால் செய்ய வேண்டியது: மெசினை நிறுத்துங்கள், கட்டைப் பிரிக்காதீர்கள், அதன்மேலேயே கையால் அழுத்திப் பிடியுங்கள், 108-ஐ அழையுங்கள். வாடகை ஆளுக்கு ஃபோன் போடுவது அதற்குப் பிறகு. இளஞ்சிவப்பு நீர் வருவது சாதாரணம், அதற்குப் பதற வேண்டாம்.

எந்த மெசின்

பெரிய கம்பெனி மெசின்களில் கையில் தூக்கும் ஆக்டிவேக் வாடகைக்குக் கிடைத்தால் முதல் தேர்வு அதுதான். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், கேனிஸ்டர் 300 மில்லி, முழுச் சார்ஜில் 14 மணி நேரம் வரை ஓடும். பெட்டியில் கேசிஐ, த்ரீஎம், சால்வென்டம் என்று வேறு வேறு பெயர் இருந்தால் போலியோ என்று பயப்பட வேண்டாம்: கேசிஐ தயாரித்ததை 2019-ல் த்ரீஎம் வாங்கியது, 2024-ல் அந்தப் பிரிவு சால்வென்டம் என்று தனியாகிவிட்டது. இதன் பலம் அழுத்தத்தைப் புண்ணின் பக்கத்திலேயே அளந்து சரிசெய்வது. ட்யூப் அடைத்துக்கொண்டால் அலாரம் அடிக்கும். பலவீனம் விலை. அதன் ஃபோமும் கேனிஸ்டரும் மட்டும்தான் அதில் பொருந்தும்.

இந்தியாவில் தயாராகும் மெசின்கள் பல சரியாகவே ஓடுகின்றன, செலவும் இறங்கும். எடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். கேனிஸ்டருக்குள் நீரைக் கட்டியாக்கும் ஜெல்லும் மேலே ஃபில்டரும் உண்டா? காற்றுக் கசிவு, அடைப்பு, கேனிஸ்டர் நிறைதல், பேட்டரி குறைதல் நான்குக்கும் தனித்தனி அலாரம் உண்டா? கேனிஸ்டர் ஸ்டாக் உள்ளூரில் இருக்கிறதா? மூன்றாவதுதான் பல வீடுகளில் கவிழ்க்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கேனிஸ்டர் நிறைந்து, சரக்கு திங்கள்கிழமைதான் கோவைக்கு வரும் என்றால் இரண்டு நாள் சிகிச்சை கெட்டது.

பிகோ போன்ற தூக்கியெறியும் சிறு பம்புகளுக்குக் கேனிஸ்டரே கிடையாது. இரண்டு பென்டார்ச் பேட்டரி, 80 மி.மீ. அழுத்தம், ஏழு நாள். நீர் கட்டிலேயே ஊறி, மேல்தாள் வழியே ஆவியாகிவிடும். தையல் போட்ட வரி, கிராஃப்ட் (ஒட்டுத் தோல்) வைத்த இடம், கொஞ்சமாக நீர் கசியும் ஆழமில்லாத புண் ஆகியவற்றுக்கு வசதி. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம். சலம் வடியும் குழிப்புண்ணுக்கு எடுத்தால் ஓரிரு நாளில் கட்டு நனைந்து கழன்றுவிடும்.

ஆஸ்பத்திரி வார்டுகளில் சுவரில் உள்ள சக்ஷனிலோ (உறிஞ்சும் குழாய்) ரோமோவேக் என்ற வடிகால் டப்பாவிலோ இணைத்துப் போடும் கட்டு தனி வகை. ரெகுலேட்டர் வைத்து, பழகின கை கண்காணித்தால் அதிலும் புண் ஆறுகிறது. ரோமோவேக்கில் டப்பா நிறைய நிறைய இழுவிசை குறையும் என்பது மட்டும் குறை. வீட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். சளி உறிஞ்சும் மெசினை வாங்கி வேக் ட்யூபில் மாட்டி ராத்திரி பூராவும் ஓட விடுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாள் முழுக்க ஓடுவதற்கான மோட்டார் அல்ல அது. கசிவு அலாரமும் கிடையாது. ரெகுலேட்டர் திருகு ஒரு சுற்றுக் கூடினாலே அழுத்தம் எங்கோ போய்விடும்.

கட்டு மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை

மார்க் போடுவது இங்கேதான். நல்ல நர்ஸ் ஒரு கட்டு மாற்ற முக்கால் மணி நேரம் எடுப்பார். கால் மணியில் முடித்து வண்டியைக் கிளப்புகிறவர் எதையோ விட்டிருக்கிறார்.

வருவதற்கு அரை மணி முன்பு டாக்டர் எழுதிய வலி மாத்திரையைக் கொடுத்துவிடச் சொல்லி ஃபோன் வர வேண்டும். வந்ததும் மெசினை நிறுத்தி, ட்யூபைக் கிளாம்ப் போட்டு, ஃபோமுக்குள் 10 முதல் 30 மில்லி சலைன் விட்டு 15 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். புதுச்சதை ஃபோமின் துளைக்குள் வளர்ந்து பிடித்திருக்கும். ஊறவிடாமல் பிடுங்கினால் ரத்தம், வலி, மூன்று நாள் வளர்ந்த சதையும் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டு வலிக்கிறது என்றால் ஃபோமுக்கு அடியில் பாரஃபின் வலையோ சிலிகான் வலையோ ஒரு மடிப்பு வைக்கலாம். தாளைத் தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீட்டி இழுத்தால் பசை தானே விடும். மேல்நோக்கிப் பிய்த்தால் வயதானவர்களின் தோல் கூடவே வரும்.

எடுத்த ஃபோம் துண்டுகளை எண்ண வேண்டும். போன முறை கட்டியவர் எத்தனை துண்டு வைத்தார் என்பது தாளின்மேல் மார்க்கர் பேனாவில் தேதியோடு எழுதியிருக்கும், எழுதியிருக்க வேண்டும். மூன்று வைத்த இடத்தில் இரண்டுதான் வந்தது என்றால் மூன்றாவது உள்ளே இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மேலே சதை மூடி, உள்ளே சலம் கட்டி, மறுபடி ஆபரேஷன் தியேட்டர். தாளில் எண் எழுதாத ஆளை அடுத்த தடவை மாற்றச் சொல்லிவிடுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

பிறகு சலைனில் கழுவி, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து, அதே வெளிச்சத்தில் படம் எடுத்து, டாக்டருக்கு அனுப்ப வேண்டும். நல்ல சதை பொடிப்பொடியாக, ஈரமாக, அடர்ந்த சிவப்பில் இருக்கும். வெளுத்திருந்தால் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்கலாம். பச்சை நீரும் ஒருவித இனிப்பு வாடையும் சூடோமோனாஸ் கிருமியின் அடையாளம். ஃபோமைத் திறந்ததும் வரும் நாற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று நாள் மூடி வைத்தது நாறத்தான் செய்யும். கழுவிய பிறகும் நாறினால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

சுற்றுத் தோலைக் காயத் துடைத்து, முடியை ரேசரில் சிரைக்காமல் கிளிப்பரில் வெட்டி, புண்ணின் ஓரம் நெடுகத் தாளின் கீற்றுகளையோ ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டுப் பட்டையையோ சட்டம் போட்டதுபோல ஒட்ட வேண்டும். நல்ல தோலில் ஃபோம் பட்டால் ஊறி வெந்துபோகும். ஃபோமைப் புண்ணுக்கு மேலே பிடித்து வெட்டக் கூடாது, துகள் உள்ளே விழும். தள்ளி வைத்து வெட்டி, ஓரத்தைத் தேய்த்து உதற வேண்டும். குழியில் அடைத்துத் திணிக்கவும் கூடாது. சுரங்கம் மாதிரிப் போகும் துளையில் வழக்கமான கறுப்பு ஃபோமை விடக் கூடாது, அறுந்து உள்ளேயே நின்றுவிடும்; அதற்கு வெள்ளை ஃபோம். அதையும் கடைசிவரை விட்டு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்து வைத்தால்தான் துளை அடியிலிருந்து மூடி வரும். வெள்ளை ஃபோம் நெருக்கமானது என்பதால் அழுத்தமும் 125-க்குக் குறையக் கூடாது.

தாள் புண்ணைச் சுற்றி 3 முதல் 5 செ.மீ. நல்ல தோலைப் பிடிக்க வேண்டும். துளை இரண்டரை செ.மீ. அகலத்துக்கு வட்டமாக வெட்டியிருக்க வேண்டும். கத்தியால் ஒரு கோடு கிழித்தால் உறிஞ்சும்போது வாய் மூடிக்கொண்டு அடைப்பு அலாரம் அடிக்கும். மெசினைப் போட்டதும் ஃபோம் சுருங்கி வத்தல்போல் ஆனால் சீல் சரி. ஃபோம் பொசபொசவென்று இருந்தால் எங்கோ கசிகிறது. காதை வைத்துக் கேட்டு, ‘உஸ்’ என்ற இடத்தில் விரலால் அழுத்தி, சின்னக் கீற்று ஒட்டினால் போதும். கசிகிறது என்று மேலே மேலே மூன்று நாலு தாள் போர்த்துகிறவர்கள் உண்டு. தோல் மூச்சுவிட வழியில்லாமல் வெள்ளைவெளேரென்று ஊறிவிடும். விரலிடுக்கு, கணுக்கால் முட்டி, தொடையிடுக்கு, புட்டம், வெளியே கம்பி போட்ட கால் இவையெல்லாம் கசியும் இடங்கள் என்பது பழகினவருக்குத் தெரியும். இடுக்கை நிரப்பி அடைக்கும் ஸ்டோமா பேஸ்ட் எடுத்து வந்திருப்பார்.

உள்ளங்கால் புண்ணில் ட்யூபின் வட்டத்தை அங்கேயே ஒட்டுவது பெருங்குற்றம். உணர்ச்சியில்லாத சர்க்கரைக் காலில் அது அழுத்தி இன்னொரு புண் உண்டாக்கும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. ஃபோமைப் பாலம்போல் புறங்காலுக்கோ கெண்டைக்காலுக்கோ கொண்டுவந்து, அங்கே ட்யூபை வைக்க வேண்டும். பாலத்துக்குக் கீழே தோலில் தாள் ஒட்டியிருக்க வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்து செய்கிறாரா என்று பார்த்தே ஆளை எடைபோடலாம்.

நம் ஊரில் கெடும் இடங்கள்

தேங்காயெண்ணெய். கால் வறண்டிருக்கிறதே என்று வீட்டில் தடவிவிடுகிறார்கள், தாள் ஒட்டவே ஒட்டாது. கட்டு மாற்றும் நாளுக்கு முந்தின நாளிலிருந்து அந்தக் காலில் எண்ணெய் கூடாது. புண்ணைச் சுற்றி அப்பிய மஞ்சளும் அப்படித்தான். ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் தாள் பொடியில்தான் ஒட்டும், தோலில் ஒட்டாது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் வேர்வையால் தாள் கிளம்பும். கட்டும் நேரத்துக்கு ஃபேனைப் போட்டு, தோலைக் காயவிட்டு, பென்சாயின் டிங்சரோ ஸ்கின் பிரெப்போ பூசி ஒட்டினால் நிற்கும்.

மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை போகும். பேட்டரி நல்லதாக இருந்தால் பிரச்சினை இல்லை. வாடகை மெசின்களின் பேட்டரி கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கும். மெசின் வந்த அன்றே முழுச் சார்ஜ் போட்டு, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் தாங்காததைத் திருப்பி அனுப்பலாம்.

ஏனென்றால் இந்தச் சிகிச்சையில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெசின் நிற்கக் கூடாது. நின்றால் ஃபோம் முழுவதையும் எடுத்து, சலைனில் கழுவி, சலைனில் நனைத்த காஸ் வைத்துக் கட்டிவிட வேண்டும். உறிஞ்சாத ஃபோம் சலத்தில் ஊறி, வெதுவெதுப்பில் கிருமிப் பண்ணையாகிவிடும். ‘காலையில் நர்ஸ் வந்துடுவாங்க, அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டுமுங்க’ என்று ஃபோனில் சொல்லும் சேவை, இந்த விதி தெரியாத சேவை. வீட்டில் யாராவது ஒருவருக்கு இதைச் செய்யக் கற்றுக்கொடுத்து, 500 மில்லி சலைன் பாட்டில் இரண்டு, ஸ்டெரைல் காஸ், கிளவுஸ், ரோல் பேண்டேஜ் எல்லாம் ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போவது நல்ல சேவையின் அடையாளம்.

இரண்டு மணி நேரக் கணக்கை வைத்தே தூரத்தையும் யோசிக்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, பெருந்துறை சுற்றுவட்டாரத்துக்கு ராத்திரியில் ஆள் வந்து சேரலாம். தாராபுரத்துக்குத் தெற்கே, அந்தியூருக்கு மேலே என்றால் சந்தேகம். தாளவாடிக்கும் வால்பாறைக்கும் வீட்டு வாடகையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ராத்திரி அலாரத்துக்குத் திம்பம் ஏறி யாரும் வரப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் அந்தச் சில வாரம் கீழே உறவுக்காரர் வீட்டில் தங்குவது மேல். இல்லாவிட்டால் சாதாரண ஈரக் கட்டை ஒழுங்காக தினம் மாற்றுவதே போதும்.

இன்னொன்று நடை. ‘அம்மிச்சிக்கு மெசின் போட்டாச்சுங்க, தோளில் மாட்டிக்கிட்டுக் கட்டுத்தறி வரைக்கும் போயிட்டு வராங்க’ என்று பெருமையாகச் சொல்வார்கள். மெசினைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்பது உண்மை; உள்ளங்காலில் புண் உள்ளவர் அந்தக் காலை ஊன்றி நடக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஊன்றுகிற காலில் ஃபோம் வைப்பது பணத்தைக் கரைப்பது. வாக்கர், சக்கர நாற்காலி, பாதச் சுமையைக் குறைக்கும் காலணி எது ஆகுமோ அதைக் கேட்டு வாங்குங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் மெசினை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்துங்கள்.

காசுக் கணக்கு

நாள் வாடகையை மட்டும் கேட்டு முடிவெடுப்பதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். பில் நாலு துண்டாக வரும்: மெசின் வாடகை, ஃபோம் கிட், கேனிஸ்டர், நர்ஸ் வந்துபோகும் கட்டணம். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் மாதம் பத்துக் கிட். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் பதினைந்து. தொற்று இருக்கும் புண்ணை அதைவிடவும் சீக்கிரம் திறந்து பார்க்கச் சொல்வார் டாக்டர். கேனிஸ்டர் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வாரம் ஒன்று மாற்ற வேண்டும். நாளுக்கு 150 மில்லி வடியும் புண்ணுக்கு 300 மில்லி கேனிஸ்டர் இரண்டு நாள்தான் வரும். குறைந்த வாடகை சொல்லிவிட்டு கிட்டில் பிடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. கிட்டின் அளவையும் பாருங்கள். கேசிஐ ஃபோமில் சின்னது 10க்கு 7.5 செ.மீ., நடுத்தரம் 18க்கு 12.5, பெரியது 26க்கு 15. விரல் எடுத்த சின்னப் புண்ணுக்குப் பெரிய கிட்டுக்குப் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். மிச்ச ஃபோமை எடுத்துவைத்து அடுத்த தடவைக்குப் போடுவதும் கூடாது, பிரித்த பாக்கெட் ஸ்டெரைல் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கானது. வீட்டு வாடகைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். செலவு தாங்காது என்றால் கோவை அரசு மருத்துவமனையிலோ பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சேர்ந்து பார்க்க முடியுமா என்று முதலில் விசாரிப்பது நல்லது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் வீட்டுச் சிகிச்சையும் ஃபோம், கேனிஸ்டர் போன்ற சாமான்களும் உள்ளே வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதைப் பேசாமல் வாடகைக்கு எடுக்காதீர்கள். தோல் முழுக்க மூடும்வரை மெசின் ஓட வேண்டியதில்லை. குழி சிவப்புச் சதையால் நிரம்பித் தோல் மட்டத்துக்கு வந்ததும் மெசினின் வேலை முடிந்தது. பிறகு கிராஃப்டோ சாதாரணக் கட்டோ போதும். கிராஃப்ட் வைத்த பிறகு அதன்மேல் ஒட்டாத வலை வைத்து மூன்று முதல் ஐந்து நாள் மெசின் போடுவது தனிக் கணக்கு. அதற்குச் சர்ஜன் சொல்லும் அழுத்தம்தான், நடுவில் பிரிக்கக் கூடாது. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியும் அளவு குறையவில்லை என்றால் மூன்றாவது வாரத்துக்கு வாடகை கட்டுமுன் ரத்த ஓட்டம், எலும்பு, சர்க்கரை, ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) நான்கையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் மெசினோடு சார்ஜரும் பையும் எண்ணி ஒப்படைத்து, டெபாசிட்டை அன்றே வாங்கிவிடுங்கள். வாடகை கணக்கு மெசின் கழற்றிய நாளோடு முடிகிறதா, வண்டி வந்து எடுத்த நாளோடு முடிகிறதா என்பதை ஆரம்பத்திலேயே பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். நிறைந்த கேனிஸ்டரும் சலம் ஊறிய ஃபோமும் மருத்துவக் கழிவு. குப்பைத்தொட்டியிலோ தோட்டத்துக் குழியிலோ பிஏபி வாய்க்காலிலோ போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் நர்ஸே கழிவுப் பையில் கட்டி எடுத்துப் போக வேண்டும். ‘நீங்களே எங்காச்சும் போட்டுக்குங்க’ என்றால் ஒரு மார்க் குறைத்துக்கொள்ளலாம்.